கார்வையில் பிறக்கும் கூட்டு: பிரான்செஸ்கோ டிரிஸ்டானோவின் ‘பாக்-கேஜ்’

மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் கிளப் இசையையும் இணைப்பதாகச் சொல்லிக்கொண்டு வரும் இசைத்தொகுப்புகளில் பெரும்பாலானவை ஒரே வழியில்தான் செய்யப்படுகின்றன. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பியானோ மெட்டை எடுத்துக்கொள்வார்கள். அதன் அடியில் நான்கு நான்காக விழும் கிக் டிரம்மை ஓடவிடுவார்கள். பியானோவின் ஏற்ற இறக்கங்களை எல்லாம் கம்ப்ரஸரால் தட்டிச் சமமாக்கிவிடுவார்கள். இதில் இரண்டு இசைகளுக்குமே இழப்புதான். பியானோவின் உயிராக இருக்கும் மென்மை–வன்மை வேறுபாடு காணாமல் போகிறது. நல்ல டெக்னோவில் (இயந்திரத் தாளத்தில் ஓடும் கிளப் நடன இசை) இருக்கும் பொறுமை, அதாவது ஒரே உருவைப் பல நிமிடங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு அதனுள்ளேயே மெல்ல மெல்ல மாற்றங்களைக் கொண்டுவரும் அந்தப் பொறுமை, மூன்று நான்கு நிமிடப் பாட்டுக்குள் அடைபட்டுச் செத்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டு டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் வெளியிட்ட ‘பாக்-கேஜ்’ என்னும் தொகுப்பு அந்த வழியில் போகவே இல்லை. ஆடுதளத்துக்கான பீட்டை எதிர்பார்த்து இதை வாங்குபவர் ஏமாந்துபோவார். ஆனால் கிளப் இசையின் அறிவு ஒரு பியானோ பதிவுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்க முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு இதைவிட நல்ல சான்றை நான் கேட்டதில்லை.

பியானோக் கலைஞர் பிரான்செஸ்கோ டிரிஸ்டானோ 1981இல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளியில் பயின்றவர். 2004இல் பிரான்சின் ஓர்லியான் நகரில், இருபதாம் நூற்றாண்டுப் பியானோ இசைக்கென்றே நடத்தப்படும் பன்னாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’, லூசியானோ பெரியோவின் தனிப் பியானோ ஆக்கங்கள் ஆகியவற்றை முன்பே பதிவுசெய்திருக்கிறார். இவற்றை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இரண்டு இசைகளைக் கலக்க முற்படும் பலர் ஒன்றில் மட்டும் ஆழம் உள்ளவர்களாகவும் மற்றொன்றை மேலோட்டமாக அறிந்தவர்களாகவும் இருப்பது வழக்கம். கலவையின் எந்தப் பக்கம் மெலிந்திருக்கிறது என்பது கேட்ட சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். டிரிஸ்டானோவின் பதிவுகளில் அந்த மெலிவு செவ்வியல் பக்கத்திலும் இல்லை, டெக்னோ பக்கத்திலும் இல்லை.

தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் இரண்டே இசையமைப்பாளர்களின் ஆக்கங்கள். யோஹான் செபாஸ்டியன் பாக்கின் முதலாம் பார்ட்டிட்டாவும் (நடனங்களின் கோவை) நான்கு டூயட்டோக்களும் (இரு குரல் ஆக்கங்கள்) ஒரு பக்கம். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ‘இன் எ லேண்ட்ஸ்கேப்’, ‘தி சீசன்ஸ்’, ‘எடூட்ஸ் ஆஸ்ட்ரால்’ வரிசையிலிருந்து ஒன்று ஆகியவை மறுபக்கம். இவற்றுக்கு இடையில் டிரிஸ்டானோ தாமே இயற்றிய ‘இன்ட்ராய்ட்’, ‘இன்டர்லூட்ஸ்’ என்னும் இரண்டு இணைப்புப் பகுதிகள் வருகின்றன. பட்டியலை மட்டும் பார்த்தால் இது அரங்கில் வாசிக்கப்படும் ஒரு துணிச்சலான கச்சேரி நிரல் போலத் தோன்றும். கிளப்புக்கும் இதற்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கலாம். விடை தயாரிப்பாளரின் பெயரில் இருக்கிறது. அவர் மோரிட்ஸ் ஃபொன் ஓஸ்வால்ட்.

1990களின் தொடக்கத்தில் பெர்லினில் மார்க் எர்னஸ்டஸுடன் சேர்ந்து பேசிக் சேனல் என்ற இசைக்கூட்டணியை நடத்தியவர் ஃபொன் ஓஸ்வால்ட். டெட்ராய்ட் டெக்னோவின் தாளத்தையும் ஜமைக்காவின் டப் இசையில் பிறந்த எக்கோ (எதிரொலி), ரிவர்ப் (அறைக்குள் நீளும் முழக்கம்) உத்திகளையும் இணைத்து இன்று டப் டெக்னோ என்று அழைக்கப்படும் பாணியை உருவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். அவரும் இளமையில் இசைக்கல்லூரியில் தாளவாத்தியம் பயின்றவர் என்பதால் நோட்டேஷனைப் பார்த்து மிரளாதவர். டப் டெக்னோவின் இலக்கணத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், அதில் ஒலி தட்டப்படும் கணத்தைவிட அது அடங்கும் நேரம்தான் முக்கியம். ஒரே ஒரு சிந்தசைசர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) தட்டப்படும். பிறகு அது தேய்வதும், தேய்ந்த ஒலி எக்கோவாகத் திரும்பி வருவதும், திரும்பி வந்தது ஃபில்டரில் மங்குவதும்தான் பத்து நிமிட இசையாக விரியும். கார்வையையே, அதாவது தட்டியபின் நீடிக்கும் ஒலியையே, கச்சாப்பொருளாகக் கொண்ட கலை அது.

பியானோவும் அப்படிப்பட்ட வாத்தியம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வயலினிலோ குழலிலோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அதை வளர்க்க முடியும். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொட்டு விலகிய கணத்திலிருந்து ஒலி இறங்குமுகம்தான். வாசிப்பவர் விரலை எடுக்காமல் இருக்கலாம், பெடலை மிதிக்கலாம், ஆனால் இறக்கத்தை ஏற்றமாக மாற்ற முடியாது. அதிலும் கட்டைக்குக் கட்டை வேறுபாடு உண்டு. கீழ்க் கட்டைகளின் தடித்த, நீண்ட கம்பிகள் வெகுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். மேலே போகப்போக ஒலி விரைவாக அவிந்துவிடும். உச்சியில் இருக்கும் ஒன்றரை ஆக்டேவ் அளவுக்குக் கம்பிகளை அடக்கும் டாம்பரே பொருத்தப்படுவதில்லை; அடக்குவதற்கு அங்கே மிச்சம் அதிகம் இருக்காது. நூற்றாண்டுகளாகப் பியானோ இசையமைப்பாளர்கள் எல்லாருமே இந்தத் தேய்வோடு பேரம் பேசித்தான் எழுதியிருக்கிறார்கள். பெர்லின் டெக்னோக்காரர் ஒருவர் இந்த வாத்தியத்தின் முன் மைக்குகளோடு உட்கார்ந்தால் அவர் முதலில் கவனிப்பது தேய்வைத்தான் என்பது இயல்பே. இந்தத் தொகுப்பின் வெற்றி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

‘இன் எ லேண்ட்ஸ்கேப்’ இதற்கு முதல் சான்று. 1948இல் நடனக் கலைஞர் லூயிஸ் லிப்போல்டுக்காகக் கேஜ் எழுதிய ஆக்கம் இது. பதினைந்து தாள அளவுகள் (பார்கள்) கொண்ட பதினைந்து பகுதிகளாக, ஒவ்வொன்றும் ஐந்து, ஏழு, மூன்று என்று பிரியும் கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. கேட்கும்போது அந்தக் கணக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதில்லை. சில ஸ்வரங்களே மீண்டும் மீண்டும் சுற்றி வரும் ஓர் ஓட்டமாகத்தான் அது காதில் விழும். வாசிப்பவருக்குக் கேஜ் தரும் அறிவுறுத்தல் முக்கியமானது: தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டு பெடல்களையும் மிதித்தபடியே வைத்திருக்க வேண்டும். இடப் பெடல் ஒலியை மென்மையாக்கும். வலப் பெடல் எந்தக் கம்பியையும் அடங்கவிடாது. எனவே முதல் ஸ்வரத்தின் எச்சம் இன்னும் பெட்டிக்குள் இருக்கும்போதே இரண்டாவது ஸ்வரம் அதன்மேல் வந்து விழுகிறது. பத்தாவது ஸ்வரம் வருவதற்குள் வாசிக்கப்படாத கம்பிகளும் ஒத்ததிர்வில் முனகத் தொடங்கிவிடுகின்றன. இந்தப் பதிவில் அதைக் கேட்கும்போது எது பெடல் தரும் கார்வை, எது ஒலிக்கலவைக் கன்சோலிலிருந்து வரும் கார்வை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இணைப்பு என்று சொன்னால் அதற்கு இதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். செவ்வியல் ஆக்கத்தின்மீது மின்னணு ஒலியைப் பூசியிருந்தால் பூச்சின் விளிம்பு எங்காவது கண்ணில் படும். இங்கே கேஜ் 1948இல் காகிதத்தில் எழுதிவைத்த அதே விருப்பத்தை, பிற்காலத்தில் டப் கலைஞர்கள் கருவிகளைக்கொண்டு தனியே கண்டடைந்தார்கள். டிரிஸ்டானோவும் ஃபொன் ஓஸ்வால்டும் அந்த இரண்டையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

பாக்கின் பக்கம் நிலைமை வேறு. முதலாம் பார்ட்டிட்டா 1726இல் அச்சானது. அது பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டுக்காக எழுதப்பட்டது, அந்த வாத்தியத்தில் கார்வையை நீட்டும் பெடல் கிடையாது. அங்கே எக்கோவைக் கொட்டினால் குரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். டிரிஸ்டானோ இதை உணர்ந்து பெடலை மிகச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார். ஸ்வரங்கள் குறுகி, தெளிந்து, ஒன்றுக்கொன்று இடம் விட்டு விழுகின்றன. கடைசி நடனமான ஜீக் இந்தத் தொகுப்பில் நான் அதிகம் திரும்பிப்போய்க் கேட்கும் பகுதி. அதில் வலக்கை நடு ஸ்தாயியை விட்டு நகராமல் மும்மூன்றாகச் சுரங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இடக்கை கீழே ஒரு ஸ்வரத்தை வைத்துவிட்டு, வலக்கையைத் தாண்டி மேலே பாய்ந்து இன்னொன்றை வைத்துவிட்டு, மறுபடி கீழே வரும். வாசிப்பவருக்கு இரண்டு கைகள்தான். கேட்பவருக்கு மூன்று அடுக்குகள் கேட்கும். நடுவில் இடைவிடாத சுழற்சி, கீழே ஒரு ஊன்றல், மேலே அதற்கு ஒரு மறுமொழி. டெக்னோ கேட்டுப் பழகிய காதுக்கு இந்த அடுக்கமைப்பு அறிமுகமே தேவைப்படாதது: ஹை-ஹாட்டும் (டிரம்மின் தகட்டுத் தாளம்) சீக்வென்ஸரும் (ஒரே உருவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) நிற்காமல் ஓட, கீழே பேஸும் மேலே ஒரு சின்ன மணியொலியும் மாறி மாறி வருவது அந்த இசையின் அன்றாட அமைப்பு. டிரிஸ்டானோ இதை யாரும் சுட்டிக்காட்டாமலே புரியும்படி வாசிக்கிறார். நடுச் சுழற்சியில் வேகம் இம்மியும் அசைவதில்லை. மேல் ஸ்வரங்களை அழுத்திக் காட்டி நாடகமாக்குவதும் இல்லை. அந்தச் சமநிலைதான் கேட்பவரின் உடலில் தாளத்தை ஏற்றுகிறது.

இதே சமநிலை சாராபாண்டில் குறையாகிவிடுகிறது. அது மெதுவான, அலங்காரங்கள் நிறைந்த நடனம். ஒவ்வொரு அலங்காரமும் மூச்சு விட்டு எழ வேண்டும், சில இடங்களில் தாளம் ஒரு கணம் தயங்கவும் வேண்டும். டிரிஸ்டானோ அங்கேயும் அளந்துவைத்த நடையிலேயே செல்கிறார். அழகாக இருக்கிறது, ஆனால் குளிர்ந்திருக்கிறது. பாக்கை இதைவிட இளகிய கையோடு வாசிக்கும் பியானோக் கலைஞர்கள் பலர் உண்டு. பார்ட்டிட்டாவுக்காக மட்டும் ஒரு பதிவை வாங்க விரும்புபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கு டூயட்டோக்களைச் சேர்த்தது நல்ல முடிவு. 1739இல் வெளியான தொகுதியில் பாக் அச்சிட்ட இவை கண்டிப்பான இரு குரல் ஆக்கங்கள்; துணைக்கு மூன்றாவது குரலோ நிரப்பும் கார்டோ இல்லை. அரங்குகளில் அதிகம் கேட்கக் கிடைக்காதவை. எலும்பும் நரம்புமாக நிற்கும் இந்த இசை கேஜுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது எது முந்தைய நூற்றாண்டு, எது பிந்தையது என்ற நினைப்பே தளர்ந்துபோகிறது. விண்மீன் வரைபடங்களின்மீது தாளை வைத்து, தற்செயல் முறைகளால் ஸ்வரங்களைத் தேர்ந்து, 1970களின் நடுவில் கேஜ் எழுதிய ‘எடூட்ஸ் ஆஸ்ட்ரால்’ வரிசையிலும் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் தனித்தனியே இயங்குகின்றன. ஒருவர் கடுமையான கணக்கினாலும் மற்றவர் தற்செயலினாலும் இரண்டு கைகளுக்கும் விடுதலை கொடுத்திருக்கிறார்கள் என்பது இந்த அடுத்தடுத்த வரிசையால்தான் எனக்கு உறைத்தது.

‘தி சீசன்ஸ்’ பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. 1947இல் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்காக எழுதப்பட்ட அது வாத்தியக்குழு வடிவில் பெறும் வண்ணங்களைப் பியானோ வடிவில் பெறுவதில்லை; தொகுப்பின் ஓட்டம் சற்றுத் தளர்வது அங்கேதான்.

டிரிஸ்டானோவின் சொந்தப் பகுதிகள் சிறியவை. அவற்றைத் தனி ஆக்கங்களாக எடைபோடுவது நியாயமாகாது. அவற்றின் வேலை வாசலைத் திறந்துவிடுவதும், ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குக் கேட்பவரைக் கைபிடித்துக் கடத்திவிடுவதும்தான். டிஜே ஒருவர் ஒரு தட்டை இறக்கி அடுத்ததை ஏற்றும்போது இரண்டும் சிறிது நேரம் சேர்ந்தே ஓடும் அல்லவா, அந்தச் சிந்தனை இங்கே இருக்கிறது. அரங்கக் கச்சேரியில் ஒரு ஆக்கம் முடிந்ததும் கைதட்டல் வந்து இழையை அறுத்துவிடும். கிளப்பில் இரவு முழுவதும் ஒரே இசைதான். தொகுப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் கேட்கும்போது அது டிஜே ஒருவரின் இடைவிடாத செட்டாகத்தான் வேலை செய்கிறது. துண்டு துண்டாகக் கேட்டால் நல்ல பியானோத் தடங்கள் சிலவாக மட்டும் நின்றுவிடும். அதனால் ஷஃபிளை அணைத்துவிட்டு, தடங்களுக்கு இடையே மௌனம் விடாத இடைவெளியற்ற ஓட்டத்தைச் செயலியில் தேர்ந்துகொண்டு கேட்க வேண்டும் என்பதை வாங்குபவருக்கு அழுத்தமாகவே சொல்வேன்.

கேட்கும் கருவியும் முக்கியம். தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் இந்தப் பதிவின் பாதி தொலைந்துவிடும், ஏனென்றால் தொலைவது அந்தத் தேய்வுதான்: தட்டும் ஒலி காதில் விழும், அடங்கும் ஒலி அறையின் இரைச்சலுக்குள் போய்விடும். மூடிய ஹெட்போன் நல்லது. கீழ் ஒலிகளைத் தெளிவாகத் தரும் ஒலிபெருக்கிகள் இருந்தால் அதைவிட நல்லது. பியானோவின் இடது ஓரக் கட்டைகள் அப்போதுதான் உடம்பில் படும். ஒலியளவைக் கூட்டத் தயங்க வேண்டாம். செவ்வியல் பதிவுகளை அடக்கமாக வைத்துக் கேட்பது பலருக்குப் பழக்கம், ஆனால் இதைக் கலந்தவர் பெரிய ஒலியமைப்புகளுக்காக இசை செய்து பழகியவர். ஒலியைக் கூட்டும்போதுதான் கேஜின் ஆக்கங்களில் பின்னணியில் திரளும் அதிர்வுகள் ஒரு உருவம் பெறுகின்றன.

டிரிஸ்டானோவின் 2007ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘நாட் ஃபார் பியானோ’வை இதனோடு வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இன்ஃபினே நிறுவனம் வெளியிட்ட அதில் அவர் எதிர்த்திசையில் நடந்திருந்தார். டெரிக் மே 1987இல் ரிதிம் இஸ் ரிதிம் என்ற பெயரில் வெளியிட்ட ‘ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்’, ஜெஃப் மில்ஸின் ‘தி பெல்ஸ்’ ஆகிய டெட்ராய்ட் டெக்னோத் தடங்களைப் பியானோவுக்குக் கொண்டுவந்தார். முதலாவது தடம் பியானோக் கலைஞருக்கு ஒரு சுவையான சிக்கல். அதன் உயிரே ஒரு பியானோ உருதான், மூலத்தில் பேஸ் வரியே கிடையாது. அப்படியானால் இடக்கைக்கு என்ன வேலை கொடுப்பது? ‘தி பெல்ஸ்’ தரும் சிக்கல் வேறு வகை: அது சற்றும் தளராத ஒரே உரு, இயந்திரத்துக்குக் களைப்பில்லை, மணிக்கட்டுக்கு உண்டு. மனிதக் கை அந்த உருவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தோன்றும் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள்தான் அந்தப் பதிவுக்கு அழகு. உற்சாகத்தில் ‘நாட் ஃபார் பியானோ’ முந்துகிறது. ஆனாலும் அதைக் கேட்கும்போது பியானோ இயந்திரத்தோடு போட்டி போடுகிறது என்ற எண்ணம் எனக்கு முழுதாக விலகுவதில்லை. ‘பாக்-கேஜ்’ அந்தப் போட்டியைக் கைவிட்டுவிட்ட பதிவு.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. 2008இல் இதே டாய்ச்ச கிராமஃபோனுக்காக ஃபொன் ஓஸ்வால்டும் டெட்ராய்ட் டெக்னோக் கலைஞர் கார்ல் கிரெய்க்கும் சேர்ந்து, இசை நடத்துநர் காராயன் நடத்திய பெர்லின் பில்ஹார்மானிக்கின் ரவேல், முசோர்க்ஸ்கி பதிவுகளை வெட்டி அடுக்கி ஒரு தொகுப்பு செய்தார்கள். சுவையான வேலைதான், ஆனால் அங்கே செவ்வியல் இசைக்கலைஞர்கள் மறுமொழி சொல்ல முடியாத நாடாவாக இருந்தார்கள். ‘பாக்-கேஜி’ல் பியானோ முன்னால் ஒருவர் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் விரல் எவ்வளவு எடையோடு விழுகிறது என்பதைப் பொறுத்தே எக்கோவுக்கு இடம் கிடைக்கிறது. டிரிஸ்டானோவும் ஃபொன் ஓஸ்வால்டும் 2008இலேயே ‘ஆரிக்கிள் பயோ ஆன்’ என்ற தொகுப்பில் சேர்ந்து வேலை செய்திருந்ததன் பலன் இங்கே தெரிகிறது; ஒருவர் எப்போது விலகிக்கொள்ள வேண்டும் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கிறது.

பாக்கைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருபவர், டெக்னோ என்றால் சத்தம் என்று நினைப்பவராக இருந்தாலும், இந்தத் தொகுப்பிலிருந்தே தொடங்கலாம். முதலில் ஜீக், அடுத்து ‘இன் எ லேண்ட்ஸ்கேப்’, அதன்பின் முழுத் தொகுப்பு என்ற வரிசை அவருக்குச் சரியாக இருக்கும். டெக்னோவிலிருந்து வருபவருக்கு முதலில் ‘நாட் ஃபார் பியானோ’, பிறகு டெட்ராய்ட்டில் கார்ல் கிரெய்க்கின் பிளானட் ஈ ஸ்டுடியோவில் பதிவான 2010ஆம் ஆண்டின் ‘இடியோசின்க்ரேசியா’, மூன்றாவதாக இது என்று சொல்வேன். சிந்தசைசர்களும் பீட்டும் வெளிப்படையாக வேண்டும் என்பவருக்கு, டெரிக் மேயின் டிரான்ஸ்மேட் நிறுவனமே 2016இல் வெளியிட்ட ‘சர்ஃபேஸ் டென்ஷன்’ இருக்கிறது. சில தடங்களில் மேயும் சேர்ந்திருக்கும் அந்தத் தொகுப்பில் பியானோவைத் தேடிப் போகாமல், கருவிகளின் முன் ஒரு செவ்வியல் கலைஞர் எவ்வளவு கட்டுப்பாட்டோடு நிற்கிறார் என்பதைக் கேட்க வேண்டும்.